எங்க போயிட்டு வந்தீங்க?

1/
"சார், ஆப்பிரிக்கா போறேன். லீவு நாள்ல காட்டுக்குள்ள சஃபாரி போலாம்னு இருக்கோம். என்ன ஊசி போட்டுக்கணும்?"

கணியம்பாடி பக்கம் ஓ.பி.யில இந்தக் கேள்வி வருமான்னு நினைப்பீங்க. வரும். அடிக்கடி வரும். அதுக்குப் பதில் சொல்லத்தான் இந்த த்ரெட். கொஞ்சம் நீளம். டீ எடுத்துட்டு வந்து உக்காருங்க.

2/
எங்க ஏரியா தோல் பெல்ட். இடுப்புல கட்டுற பெல்ட்டைச் சொல்லல. ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, ராணிப்பேட்டைன்னு பாலாற்றை ஒட்டி வரிசையா தோல் பதனிடுற ஊர்கள். இங்க தொழில் கத்துக்கிட்டவங்களுக்கு எத்தியோப்பியாவுல வேலை இருக்கு, அதுக்குத் தெற்கேயும் இருக்கு. ஊர்ல வீட்டுக்கு வீடு பாஸ்போர்ட்.

3/
இது புதுசும் இல்ல. 1860 நவம்பர் 16ம் தேதி மெட்ராஸ்ல இருந்து கிளம்பின 'ட்ரூரோ' கப்பல் டர்பன் துறைமுகத்துல போய் நின்னுச்சு. கரும்புத் தோட்ட வேலைக்கு ஒப்பந்தக் கூலிகளா முதல் முதலா அங்க இறங்கினவங்க அதுலதான் போனாங்க. அடுத்தடுத்து வந்த கப்பல்கள்ல நம்ம பழைய வட ஆற்காடு ஜில்லாக்காரங்களும் நிறைய. அவங்க சுத்திப் பாக்கப் போகல. இப்ப போறவங்களுக்கு வேலையும் இருக்கு, ஞாயித்துக்கிழமையும் இருக்கு. போய்ப் பாருங்க. கண்டிப்பா பாருங்க.

4/
என்ன பாக்கலாம்?

தென்னாப்பிரிக்காவுல குரூகர் தேசியப் பூங்கா. 1898ல சின்ன காப்புக்காடா ஆரம்பிச்சு 1926ல தேசியப் பூங்கா ஆச்சு. சுமார் 19,500 சதுர கிலோமீட்டர். நம்ம பழைய வேலூர் மாவட்டம், பிரிக்கிறதுக்கு முன்னாடி, ஏறத்தாழ 6,000 சதுர கிலோமீட்டர்தான். மூணு வேலூர் மாவட்டத்தை ஒண்ணா வெச்சு, மனுஷனைக் காருக்குள்ள உக்கார வெச்சு, மிருகத்தை வெளிய விட்டா எப்படி இருக்கும்? அதுதான் குரூகர்.

5/
ஜாம்பியாவுக்கும் ஜிம்பாப்வேக்கும் நடுவுல விக்டோரியா அருவி. ஜாம்பெசி ஆறு சுமார் 1,700 மீட்டர் அகலத்துல, 108 மீட்டர் ஆழத்துக்கு விழுது. அந்த ஊர் மக்கள் வெச்ச பேரு 'மோசி-ஓவா-துன்யா'. இடி முழக்குற புகைன்னு அர்த்தம். அருவி கண்ணுக்குத் தெரியறதுக்கு ரொம்ப முன்னாடியே சாரல் புகை மாதிரி மேல எழும்பி நிக்கும்.

6/
எனக்கு ரொம்பப் பிடிச்ச விஷயம் போட்ஸ்வானாவுல இருக்குற ஒகவாங்கோ. அந்த ஆறு கடலுக்கே போறதில்ல. அங்கோலா மலையில பெய்யுற மழை மாசக்கணக்குல மெதுவா நடந்து வந்து, பாலைவன மணல்ல விரிஞ்சு அங்கேயே முடிஞ்சுடும். வேடிக்கை என்னன்னா, வெள்ளம் வந்து சேருறது அந்த ஊர் வறட்சிக் காலத்துல. எங்க பாலாறு கடலைத் தேடிப் போற ஆறு, ஆனா வருஷத்துல பாதி நாள் மணலாத்தான் கிடக்கும். ஒகவாங்கோ கடலையே பாக்காத ஆறு, வறட்சியிலதான் நிரம்புது. 2014ல யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியல்ல 1000வது இடமா சேத்தாங்க.

7/
சிறுத்தை இல்ல, சீட்டா பாக்கணும்னா நமீபியா. அங்க போக முடியாதவங்க மத்தியப் பிரதேசம் குனோவுக்குப் போகலாம். நம்ம நாட்டுல சீட்டா அழிஞ்சு போச்சுன்னு 1952ல அறிவிச்சாங்க. 70 வருஷம் கழிச்சு, 2022 செப்டம்பர்ல நமீபியாவுல இருந்து 8, 2023 பிப்ரவரியில தென்னாப்பிரிக்காவுல இருந்து 12 கொண்டு வந்தாங்க. நம்ம ஆளுங்க அங்க வேலைக்குப் போறாங்க, அந்த ஊர் மிருகம் இங்க குடி வந்துடுச்சு.

8/
சரி, ஊசிக்கு வருவோம். முதல்ல மஞ்சள் காய்ச்சல்.

மஞ்சள் காமாலை வேற, இது வேற. இது கொசு பரப்புற வைரஸ். தென்னாப்பிரிக்கா, நமீபியா, போட்ஸ்வானாவுல இந்த நோய் கிடையாது. ஆனா எத்தியோப்பியா, கென்யாவுல உண்டு. நம்ம பசங்க எடுக்குற டிக்கெட் பெரும்பாலும் அடிஸ் அபாபா வழியாவோ நைரோபி வழியாவோதான். அங்க விமான நிலையத்துல 12 மணி நேரத்துக்கு மேல காத்திருந்தா, தென்னாப்பிரிக்காவுல இறங்கும்போது தடுப்பூசிச் சான்றிதழ் கேப்பாங்க. சான்றிதழ் இல்லாம அந்த நாடுகள்ல இருந்து திரும்பி வந்தா நம்ம ஊர்லயும் நிறுத்தி வெச்சு 6 நாள் வரைக்கும் தனிமைப்படுத்தலாம்.

9/
சென்னையில கிண்டி கிங் இன்ஸ்டிட்யூட்ல போடுறாங்க. எல்லா ஆஸ்பத்திரியிலயும் கிடைக்காது. போட்டு 10 நாள் கழிச்சுத்தான் சான்றிதழ் செல்லுபடி. அதனால ஃப்ளைட்டுக்கு முந்தின வாரம் ஓடாதீங்க. 2016ல இருந்து ஒரு தடவை போட்டா ஆயுசுக்கும் போதும். கர்ப்பிணி, கைக்குழந்தை, முட்டை கடுமையா ஒத்துக்காதவங்க, எதிர்ப்புச் சக்தி குறைஞ்சவங்க முன்னாடியே டாக்டர்கிட்ட சொல்லிடுங்க.

10/
இப்ப நிஜமான ஆளு. மலேரியா.

கேப்டவுன், ஜோகன்னஸ்பர்க் நகரத்துல மலேரியா பயம் இல்ல. ஆனா குரூகர்ல உண்டு. விக்டோரியா அருவி, ஒகவாங்கோ, வட நமீபியா எல்லா இடத்துலயும் உண்டு. அதாவது நீங்க பாக்கப் போற இடம் எதுவோ அங்கதான் அதுவும் இருக்கு. அதுவும் ஃபால்சிபாரம் வகை. உயிரை எடுக்குற மலேரியா இதுதான்.

11/
இதுக்கு ஊசி இல்ல, மாத்திரை. எந்த மாத்திரைன்னு உங்க வயசு, நோய், போற இடம் பாத்து டாக்டர் முடிவு பண்ணுவாரு. நிறைய பேருக்கு டாக்ஸிசைக்ளின் எழுதுவோம். கிளம்புறதுக்கு ஓரிரு நாள் முன்னாடி ஆரம்பிச்சு, அங்க இருக்குற வரைக்கும் தினமும் ஒண்ணு, திரும்பி வந்து இன்னும் 4 வாரம்.

இந்தக் கடைசி 4 வாரத்தைத்தான் எல்லாரும் விட்டுடுறாங்க. "அதான் ஊருக்கு வந்துட்டோமே சார்!"

12/
நீங்க வந்துட்டீங்க. ஒட்டுண்ணி இன்னும் பயணத்துல இருக்கு.

கொசு கடிச்சதும் மலேரியா ஒட்டுண்ணி நேரா ரத்தத்துல பெருகாது. முதல்ல கல்லீரலுக்குள்ள போய் ஒளிஞ்சு பெருகும். அப்புறம்தான் ரத்தத்துக்கு வரும். டாக்ஸிசைக்ளின் அடிக்கிறது ரத்தத்துக்கு வந்த ஒட்டுண்ணியை. கடைசி நாள் கடிச்ச கொசுவோட கணக்கு தீர வாரக்கணக்காகும். அது வெளிய வரும்போது வாசல்ல காவலுக்கு மாத்திரை இருக்கணும்.

13/
ஒரு கேஸ் சொல்றேன். யாருன்னு தெரியாத மாதிரி விவரத்தை மாத்தியிருக்கேன்.

நாப்பது வயசுக்காரர். வெளிநாட்டுல வேலை, தங்கச்சி கல்யாணத்துக்கு வந்திருக்காரு. வந்து பத்து நாள்ல காய்ச்சல். கல்யாண வேலை அலைச்சல்னு நினைச்சு மாத்திரை போட்டிருக்காரு. அப்புறம் ஒரு இடத்துல குளுக்கோஸ் ஏத்திட்டு "வைரல் ஃபீவர்"னு அனுப்பியிருக்காங்க. அஞ்சாம் நாள் எங்ககிட்ட வரும்போது கண்ணு மஞ்சள், பேச்சு குழறுது, உக்கார வெச்சா சாயுறாரு.

14/
கூட வந்த மனைவிகிட்ட கேட்டேன். "எங்கயாவது வெளியூர் போயிட்டு வந்தாரா?"

"இல்ல சார், ஊர்ல இருந்து வந்ததுல இருந்து வீட்லதான் இருக்காரு."

"எந்த ஊர்ல இருந்து?"

"ஜாம்பியா சார்."

அவங்களுக்கு ஜாம்பியா வெளியூர் இல்ல. புருஷன் வேலை பாக்குற ஊர். ஆம்பூர்ல ஷூ கம்பெனிக்குப் போயிட்டு வர்ற மாதிரி. இதுல அந்தம்மா மேல ஒரு தப்பும் கிடையாது. ஒரு கேள்வி கூடக் கேட்கணும், அவ்வளவுதான்.

15/
விரல்ல ஒரு சொட்டு ரத்தம். ரேபிட் கிட்ல கால் மணி நேரத்துல கோடு விழுந்துச்சு. ஃபால்சிபாரம். உடனே ஆர்ட்டிசுனேட் ஊசியை ஆரம்பிச்சுப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினோம். பொழச்சுட்டாரு. இன்னும் ரெண்டு நாள் போயிருந்தா என்ன ஆகியிருக்கும்னு சொல்ல எனக்குத் தைரியம் இல்ல.

அந்தச் சோதனை அரசு மருத்துவமனையில இலவசம். அதைச் செய்யணும்னு தோணுறதுக்குத்தான் "ஜாம்பியா"ங்கற ஒரு வார்த்தை தேவைப்பட்டுச்சு.

16/
அதனால இதை மனசுல எழுதி வெச்சுக்கோங்க. ஆப்பிரிக்கா போயிட்டு வந்து 3 மாசத்துக்குள்ள காய்ச்சல் வந்தா, மலேரியா இல்லைன்னு சோதனை சொல்ற வரைக்கும் அது மலேரியாதான். மாத்திரை ஒழுங்கா போட்டிருந்தாலும் அப்படித்தான். ஒரு சோதனையில இல்லைன்னு வந்து காய்ச்சல் தொடர்ந்தா மறுபடியும் எடுக்கச் சொல்லுங்க.

17/
இப்ப ஃபிளைட்டை விட்டு இறங்கி பஸ்ஸுல ஏறுங்க.

கணியம்பாடியில இருந்து மலைப்பக்கம் திரும்பினா அமிர்தி. வேலூர்ல இருந்து சுமார் 25 கிலோமீட்டர். ஜவ்வாது மலை அடிவாரத்துல 1967ல ஆரம்பிச்ச சின்ன விலங்கியல் பூங்கா. 25 ஹெக்டேர்தான். குரூகர்ல அதை ஒரு மூலையில தொலைச்சுடலாம். ஆனா புள்ளிமான், மயில், முதலை எல்லாம் குழந்தைங்களுக்குக் காட்டலாம். காட்டுக்குள்ள கொஞ்சம் நடந்தா அருவி. மழைக்காலம் முடிஞ்ச கையோட போனாத்தான் தண்ணி இருக்கும், வெயில் காலத்துல போனா பாறையைத்தான் பாத்துட்டு வரணும்.

18/
இந்தப் பக்கம் ஓடுறது நாகநதி. வறண்டு போய் பல வருஷம் கிடந்த ஆறு. நூறு நாள் வேலைத் திட்டத்துல எங்க ஊர்ப் பெண்கள் ஆயிரக்கணக்குல சேந்து தடுப்பணையும் நிலத்தடி நீர் ஊறுற கிணறும் கட்டினாங்க. ஒகவாங்கோ மாதிரி உலகப் பட்டியல்ல எல்லாம் வராது. ஆனா அந்தக் கிணத்துக்குக் கல் சுமந்த அக்காக்கள் பலர் என் ஓ.பி.யில முட்டி வலின்னு வருவாங்க. எனக்கு அதுவும் ஒரு இயற்கை அதிசயம்தான்.

19/
மேல ஏறினா ஜவ்வாது மலை. ஜமுனாமரத்தூர், பீமன் அருவி, கோமுட்டேரியில படகு. பலாவும் தேனும் சாமையும் வாங்கிட்டு வரலாம். மலைக்கு இன்னொரு பக்கம் காவலூர் வானாய்வகம். 1986ல திறந்த 2.34 மீட்டர் தொலைநோக்கி அங்க இருக்கு. அதுக்குப் பேரு வைணு பாப்பு தொலைநோக்கி. 1988ல அந்த ஆய்வகத்துல கண்டுபிடிச்ச சிறுகோளுக்கு நம்ம ராமானுஜன் பேரு வெச்சிருக்காங்க. காட்டைப் பாக்கப் போனவங்க வானத்தையும் பாத்துட்டு வரலாம்.

20/
மிருகம் இருக்கான்னு கேப்பீங்க. இருக்கு. 2024 ஜூன்ல திருப்பத்தூர் நகருக்குள்ளேயே ஒரு சிறுத்தை வந்து பள்ளிக்கூடத்துக்குள்ள நுழைஞ்சது ஞாபகம் இருக்கும். ஆந்திராவுல கௌண்டின்யா சரணாலயத்து யானைங்க பேரணாம்பட்டு, குடியாத்தம் பக்கம் நிலத்துல இறங்கும். சஃபாரி ஜீப் இல்லாமலே எங்க மக்கள் தினமும் சஃபாரிதான்.

ஆனா ஒரு டாக்டரா என்னைப் பயமுறுத்துறது யானையும் இல்ல, சிறுத்தையும் இல்ல.

21/
ஒரு மில்லிமீட்டர்கூட இல்லாத ஒரு பூச்சி. சிற்றுண்ணியோட குஞ்சு. புதர்லயும் புல்லுலயும் இருக்கும். கடிச்சா வலிக்காது. பத்துப் பன்னிரண்டு நாள் கழிச்சுக் காய்ச்சல் வரும். ஸ்க்ரப் டைஃபஸ். நம்ம பத்திரிகைகள்ல உண்ணிக் காய்ச்சல்னு எழுதுவாங்க. வேலூர் சுத்துவட்டாரத்துல இது அபூர்வ நோய் இல்ல. மழைக்குப் பின்னாடி, பனிக்காலத்துல அதிகம் வரும். அதாவது அமிர்தி அருவியில தண்ணி இருக்குற அதே மாசங்கள்.

22/
கடிச்ச இடத்துல சிகரெட் சுட்ட மாதிரி ஒரு கருப்புப் பொருக்கு இருக்கும். வலிக்காது, அரிக்காது. அதனால யாரும் கண்டுக்க மாட்டாங்க. அதுவும் அக்குள், தொடை இடுக்கு, மார்புக்குக் கீழ, பாவாடை நாடா இறுகுற இடுப்பு மடிப்புன்னு மறைவான இடத்துலதான் பெரும்பாலும் இருக்கும். எல்லாருக்கும் அந்தப் பொருக்கு இருக்காது. இருந்தா, அது நோய் தானே எழுதி ஒட்டிட்டுப் போன சீட்டு. தேடினாத்தான் கிடைக்கும்.

23/
இதுல ஒரு ஆச்சரியம் சொல்லவா? குரூகர் சஃபாரி போயிட்டு வர்றவங்களுக்கு ஆப்பிரிக்க உண்ணிக் காய்ச்சல்னு ஒண்ணு வரும். அங்க கடிக்கிறது வேற உண்ணி, கிருமி வேற. ஆனா ரெண்டு கிருமியும் பங்காளிங்க, ஒரே ரிக்கெட்சியா வம்சம். அங்கயும் இதே மாதிரி கருப்புப் பொருக்கு. ரெண்டுக்கும் மருந்து ஒண்ணுதான். மேல மலேரியாவுக்குச் சொன்ன அதே டாக்ஸிசைக்ளின். லட்சக்கணக்குல செலவு பண்ணி சஃபாரி போனவருக்கும், ஆட்டுக்குப் புல் அறுக்கப் போன அம்மாவுக்கும் ஒரே மாத்திரை. சில ரூபாய்தான். அரசு மருத்துவமனையில அதுவும் இல்ல.

24/
ஆனா ரெண்டு பேரும் ஒரே மாதிரி பொழைக்கிறதில்ல.

மலையடிவாரத்து அம்மா ஒருத்தங்க. ஆடு மேய்க்கிறவங்க. ஒன்பது நாள் காய்ச்சல். நடுவுல மூணு இடத்துல ஊசி போட்டிருக்காங்க. எங்ககிட்ட வரும்போது மூச்சு வாங்குது, ஆக்ஸிஜன் அளவு இறங்கிட்டே இருக்கு. எங்க நர்ஸ் அக்கா புடவையைத் தளர்த்திப் பாத்தாங்க. இடுப்பு மடிப்புல கருப்புப் பொருக்கு. ஒன்பது நாளா அங்கேயே இருந்திருக்கு.

மருந்தை ஆரம்பிச்சோம். ஆம்புலன்ஸ்ல பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினோம். வென்டிலேட்டர்ல நாலு நாள் இருந்தாங்க. திரும்பி வரல.

25/
அவங்க மகன் பின்னாடி வந்து ஒண்ணு கேட்டாரு. "அம்மா எங்கயும் போகலையே சார். வீடு, ஆடு, மலை, வீடு. அவ்வளவுதானே?"

அதுதான் விஷயம். நீங்களும் நானும் காட்டுக்குப் 'போயிட்டு' வர்றோம். அவங்களுக்கு அது போற இடம் இல்ல, இருக்குற இடம். டாக்டர் "எங்கயாவது போயிட்டு வந்தீங்களா?"ன்னு கேட்டா "இல்ல"ன்னுதான் சொல்லுவாங்க. ஜாம்பியாக்காரர் வீட்டம்மா சொன்ன அதே "இல்ல".

26/
அதனால எங்க பி.ஜி. தம்பி தங்கச்சிங்களுக்கு நான் சொல்றது: "போயிட்டு வந்தீங்களா"ன்னு மட்டும் நிறுத்தாதீங்க. "என்ன வேலை பாக்குறீங்க? ஆடு மாடு இருக்கா? புல் அறுக்கப் போவீங்களா? விறகுக்குப் போவீங்களா?"ன்னு கேளுங்க. கேட்டுட்டு, பெண் நர்ஸைக் கூட வெச்சுக்கிட்டு உடம்பைப் பாருங்க. பொருக்கு எக்ஸ்ரேயில தெரியாது.

27/
எங்க ஊருக்கு இதுல ஒரு பெருமையும் உண்டு. தீவிர ஸ்க்ரப் டைஃபஸுக்கு எந்த மருந்து நல்லதுன்னு வேலூர் சி.எம்.சி. மருத்துவர்கள் தலைமையில நம்ம நாட்டுல 7 ஆஸ்பத்திரிகள் சேந்து ஆராய்ச்சி பண்ணாங்க. டாக்ஸிசைக்ளின், அசித்ரோமைசின் ரெண்டையும் சேத்து நரம்பு வழியா கொடுத்தா, தனித்தனியா கொடுக்குறதை விட நல்ல பலன்னு 2023ல நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்ல வந்துச்சு. உலகம் பூரா இப்ப அதைப் படிக்குது. மருந்து இருக்கு, ஆராய்ச்சி இருக்கு. நேரத்துக்கு வந்து சேரணும், அவ்வளவுதான்.

28/
காட்டுக்குப் போறவங்களுக்குச் சில விஷயம். அமிர்தியோ ஆப்பிரிக்காவோ, பொதுதான்.

முழுக்கால் பேன்ட், ஷூ. புல்லுல நேரா உக்காராதீங்க, படுக்காதீங்க, பாய் விரிச்சுக்கோங்க. கொசு விரட்டுற கிரீம் தடவிக்கோங்க. வீட்டுக்கு வந்ததும் சோப்புப் போட்டுத் தேச்சுக் குளிங்க, போட்டிருந்த துணியைத் தொவைச்சுடுங்க.

குரங்குக்குத் தீனி போடாதீங்க. கடிச்சா, கீறினா ஓடுற தண்ணியில சோப்புப் போட்டு 15 நிமிஷம் கழுவிட்டு நேரா அரசு மருத்துவமனை. மஞ்சள், மிளகாய்ப்பொடி, சுண்ணாம்பு எதுவும் வேண்டாம். வெறிநோய் வந்துட்டா காப்பாத்த மருந்து இல்ல. வராம தடுக்க ஊசி இருக்கு, இலவசம்.

29/
பாம்பு கடிச்சா இறுக்கிக் கட்டாதீங்க, வெட்டாதீங்க, உறிஞ்சாதீங்க. பாம்பைத் தேடிப் பிடிச்சுக் கொண்டு வர வேண்டாம். கடிபட்ட கை காலை அசைக்காம வெச்சு 108ஐக் கூப்பிடுங்க. இந்தியாவுல 2000ல இருந்து 2019 வரைக்கும் வருஷத்துக்கு சராசரியா 58,000 பேர் பாம்புக்கடியில செத்திருக்காங்கன்னு ஒரு பெரிய ஆய்வு கணக்குச் சொல்லுது. பெரும்பாலும் கிராமத்து ஜனங்க. விஷமுறிவு மருந்து அரசு மருத்துவமனையிலதான் இலவசமா கிடைக்கும். மந்திரிக்கப் போற நேரத்துல எங்ககிட்ட வந்துடலாம்.

30/
குரூகர் போறதா இருந்தா மே மாசத்துல இருந்து செப்டம்பருக்குள்ள போங்க. அங்க அது குளிர்காலம், மழை இல்லாத காலம். புல் காஞ்சு மிருகங்க தண்ணி இருக்குற இடத்துக்கு வரும், நல்லா பாக்கலாம். மலேரியாவும் அப்ப குறைவு. அதுக்காக மாத்திரை வேணாம்னு நீங்களே முடிவு பண்ணாதீங்க.

31/
பயமுறுத்திட்டேனா? பயப்படறதுக்காக எழுதல. காடு பாக்காம இருக்குற குழந்தை டி.வி.யில மட்டும் யானையைப் பாத்து வளரும், அது இன்னும் பெரிய நஷ்டம். கையில காசு இருந்தா ஜாம்பெசி, இல்லைன்னா கணியம்பாடி பஸ் பிடிச்சு அமிர்தி. ரெண்டும் நல்ல இடம்தான்.

வந்த பிறகு காய்ச்சல்னா, "உடம்பு சரியில்ல சார்"னு ஆரம்பிக்காதீங்க. எங்க போனீங்க, என்ன தேதி, அதை முதல்ல சொல்லுங்க.

32/
கடைசியா ஒண்ணு. இதைப் படிக்கிறவங்கள்ல பாதிப் பேரு சஃபாரி போக மாட்டீங்க. ஆனா உங்க வீட்டுக்குப் பால் ஊத்துறவங்க, கீரை கொண்டு வர்ற பாட்டி, மலையில இருந்து தேன் எடுத்துட்டு வர்ற அண்ணன் எல்லாரும் தினமும் அந்தப் புல்லுக்குள்ளதான் நடக்குறாங்க. அவங்க ஃபோன்ல இந்த த்ரெட் வராது. அவங்களுக்கு அஞ்சு நாளைக்கு மேல காய்ச்சல்னு காதுல விழுந்தா, "உடம்புல எங்கயாவது கருப்பாப் பொருக்கு இருக்கா பாருங்கம்மா, பெரியாஸ்பத்திரிக்குப் போங்க"ன்னு நீங்க சொல்லுங்க. ஷேர் பண்றதை விட அது பெரிய உதவி.